கடைசிப் பந்தியில் இருந்தவர்

ஹொல்ம்லியா, ஒஸ்லோ
12.01.2004

அன்புத் தங்கச்சி புஷ்பமலருக்கு,

தந்தி வந்த அன்று வீட்டில் நின்றவர்களை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு நீ மாற்றிச் சொல்லக்கூடாது. அம்மா, சச்சிதானந்தன் மாமா, வேலிக்கு அந்தப்பக்கம் அயல்வீட்டு அக்கா, தந்திக்காரன், ஏழு வயதில் நான், என் இடுப்பில் நீ.

வெள்ளைக்காரனின் குண்டுவீச்சு விமானத்தில் போன அப்பாவைக் காணவில்லை என்று மாமா வாசித்தார்.

"காணேல்லை எண்டால் தேடலாம்தானே, அண்ணை?" என்று அம்மா கேட்டா.

"கடலிலை போனவனையே தேட ஏலாது. ஆகாயத்திலை போனவனை எங்கை தேடுறது?"

ஒரு மாதம்கூடப் பொறுக்கவில்லை. அப்பா என்று தர்ப்பையில் உருவம் செய்து கொளுத்தி, அம்மாவின் தாலியையும் கழற்றினார்கள்.

இப்போது என் பேத்தி யதுர்ஷா இங்கிலாந்து விமானப்படைக்கு எழுதிக் கேட்டாள். திருநாவுக்கரசு என்று ஒருவரும் இல்லை என்றார்கள். "அவரின்ரை தேப்பன்ரை பேரைப் போட்டுக் கேள்" என்று நான்தான் சொன்னேன். வெள்ளையன் ஒருவனின் தகப்பன் பெயரைத்தானே குடும்பப் பெயராகப் பதிவான். கந்தப்பு என்றதும் அப்பா கிடைத்துவிட்டார். விமானத்தின் வாலில், எதிரியைச் சுடும் துவக்கோடு இருந்தவராம். ஜெர்மனியில் விழுந்து, சிறை இருந்து, 1945இல் உயிரோடு கொழும்பில் வந்து இறங்கியிருக்கிறார்.

இறங்கியவர் எங்கே போனார்? அம்மாவோடு கடைசிவரை இருந்தவள் நீ. தொலைபேசியில் கேட்டால் இருமுவாய், லைன் அறுந்தது என்பாய். எழுத்தில் பதில் தா.

உன் அக்கா
தையல்நாயகி

வெள்ளவத்தை
30.01.2004

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். முழங்கால்தான் சொல்வழி கேட்பதில்லை. எண்ணெய் பூசினால் இரண்டு நாள் பேசாமல் இருக்கிறது, பிறகு பழையபடி. படி ஏறினால் ஒரு நோ, இறங்கினால் இன்னொரு நோ. வைத்தியர் நடக்கச் சொல்கிறார், மகன் இருக்கச் சொல்கிறான்.

அப்பா விசயம் எனக்கென்ன தெரியும், நான் கைக்குழந்தை. பழசைக் கிளறாதே அக்கா. அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு திரி.

தங்கை
புஷ்பமலர்

ஹொல்ம்லியா
16.02.2004

புஷ்பமலருக்கு,

முழங்காலுக்கு அத்தனை வரி, அப்பாவுக்கு ஒன்று.

நேற்றுக் கையுறை இல்லாமல் ரயிலுக்கு நின்றுவிட்டு வந்தேன். யதுர்ஷா என் கையைத் தேய்த்துவிட்டாள். "கவனம் அம்மம்மா. பிளேன்ரை வாலிலை இருந்தவைக்குத்தான் குளிர் கூடவாம். சிலபேருக்கு விரலே போயிட்டுதாம்" என்றாள்.

எனக்கு உன் கலியாண வீடு ஞாபகம் வந்தது. கடைசிப் பந்தியில் தாடி வைத்த மெலிந்த மனிதர் ஒருவர். வலது கையில் சின்ன விரலும் மோதிர விரலும் இல்லை. நான்தான் இலையில் பாயாசம் ஊற்றினேன். அள்ள அள்ள அந்த இடைவெளியால் ஒழுகியது. ஓடிப்போய்க் கரண்டி கொண்டுவந்து கொடுத்தேன். என்னை நிமிர்ந்து பார்த்து, "போதும் பிள்ளை" என்றார். அம்மா அன்று முழுக்க அறையை விட்டு வெளிக்கிடவில்லை.

நீ கூறைச்சேலையோடு அவர் காலில் விழுந்தாய். ஆரடி என்று கேட்டேன். "கொழும்பிலை எனக்கு டைப்பிங் படிப்பிச்ச மாஸ்டர்" என்றாய்.

இரண்டு விரல் இல்லாதவர் என்ன டைப்பிங் படிப்பித்தார், புஷ்பமலர்?

தையல்நாயகி

வெள்ளவத்தை
08.03.2004

அக்கா,

ஓம். அவர்தான்.

அப்பா உயிரோடு இருக்கிறார் என்ற இரண்டாவது தந்தி மாமாவின் கைக்கு வந்தபோது உருவம் கொளுத்தி முடிந்திருந்தது. மாமா செய்தியை வெளியே விடவில்லை. உலகச் சண்டை முடிந்து அப்பா வீட்டு வாசலுக்கு வந்தார். "கொள்ளி வைச்சு அனுப்பின ஆள் திரும்பிப் படி ஏறினால் குடும்பம் விளங்காது, மச்சான்" என்று மாமா கேற்றடியில் மறித்தார். நீ பள்ளிக்கூடத்தில் இருந்த நேரமாம். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றா. வெளியே வரவில்லை.

நான் கொழும்புக்குப் படிக்கப் போனபோது அம்மாதான் அவர் விலாசத்தைச் சொல்லி அனுப்பினா. அப்போது உன்னை மாமாவின் மகனுக்குக் கட்டிக் கொடுத்தாயிற்று. தெரிந்திருந்தால் நீ அந்த வீட்டில் இருந்திருப்பாயா? அப்பாவும், "மூத்தவளுக்குச் சொல்லாதை, அவள் வாழட்டும்" என்றார். என் கலியாணத்துக்கு அவர் வந்தது உன்னைப் பார்க்க.

1971இல் போய்விட்டார். எல்லாம் முறைப்படி செய்வித்தேன். உன் வாழ்வுக்காகத்தான் வாயை மூடினேன், அக்கா. பொறுத்துக்கொள்.

புஷ்பமலர்

ஹொல்ம்லியா
27.03.2004

புஷ்பமலருக்கு,

மாமாவை மன்னித்துவிட்டேன். பயந்த மனுசன். சாகும்போது நான்தான் வாயில் பால் விட்டேன். அம்மாவையும் மன்னித்தேன். வெறுங்கழுத்தோடு எப்படி அவர் முன்னால் வருவா? ஆகாயத்தில் பயப்படாத அப்பா எங்கள் கேற்றடியில் திரும்பிப் போனார், அதையும் பொறுத்தேன்.

ஆறு வயதில் கடைசியாகப் பார்த்த முகம் தாடிக்குள் இருந்தது, எனக்குத் தெரியவில்லை. நீ எதிரே மாலையோடு இருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் கையால் ஒழுகியதையும் பார்த்தாய், நான் கரண்டி தேடி ஓடியதையும் பார்த்தாய்.

என் வாழ்வுக்காக என்கிறாய். என் புருசன் செத்துப் பதினைந்து வருசம். அதற்குப் பிறகு எந்த வாழ்வைக் காப்பாற்றினாய்? அப்பாவை நீ உனக்கு மட்டும் வைத்துக்கொண்டாய், அவ்வளவுதான்.

யதுர்ஷா சித்திரையில் கொழும்பு வருகிறாள். அப்பாவின் படம் இருந்தால் அவளிடம் கொடு. உன் வீட்டுப் படி ஏறாமல் கேற்றடியில் நின்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.

நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான். கந்தப்பு திருநாவுக்கரசின் இளைய மகள், புஷ்பமலர்.