நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் பிரிண்டர்

மார்ச் 4, செவ்வாய்

புளியமரத்தடியில் இன்று மானம் போனது.

வரப்பில் நிற்கிற மரம். ஒரு வருஷம் இவருடைய அண்ணன் கோபால் மாமா வீட்டுக்கு, மறு வருஷம் எங்கள் வீட்டுக்கு என்று முறை. போன வருஷம் எங்கள் முறை. பூவெல்லாம் மழையில் கொட்டி ஒரு கூடை கூடத் தேறவில்லை. அதனால் இந்த வருஷமும் எங்களுக்கே விடச் சொல்லி இவர் போய்க் கேட்டார். "மழை பெஞ்சது எங்க தப்பா?" என்றார் மாமா. அதுவரை அண்ணன் தம்பிப் பேச்சுதான். நடுவில் வந்தாள் என் ஓரகத்தி மங்கம்மாள்.

"ரெண்டு வருசமா எங்க வூட்டு வைஃபைய ஓசியில தின்னுக்கினு கீறா. இப்ப புளி வேற வேணுமாமா?"

அத்தனை பேர் முன்னால்! ஓசியாம். இன்டர்நெட் ஒயர் அவர்கள் வீட்டோடு நின்றுவிட்டது, அதனால் வைஃபை அவர்களுடையது. பிரிண்டர் என்னுடையது, டியூஷன் பிள்ளைகளுக்காக வாங்கியது. அந்த வீட்டுக்கு எத்தனை பேப்பர் அடித்துக் கொடுத்திருப்பேன்? ஆதார், பட்டா, அவர்கள் மகள் தேவயானியின் சர்டிபிகேட் அத்தனையும். அவள் அங்கிருந்து போனில் தட்டுவாள், இங்கே பேப்பர் வரும், நான் எடுத்து நடுச்சுவர் மேல் கல்லுக்கடியில் வைப்பேன். கரண்ட் இல்லாவிட்டாலும் தட்டிவிட்டுப் போய்விடுவாள். கரண்ட் வந்ததும் தானாக அடிக்கும். ஒரு நாள் காசு என்று வாய் திறந்திருப்பேனா?

நரம்பில்லாத நாக்கு. எப்படி வேண்டுமானாலும் புரளும்.

மார்ச் 5, புதன்

ஊர்ப் பெரியவர் சடையன் மாமா வந்து சொல்லிவிட்டுப் போனார். இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை ஊர் கூடுகிறது. அதுவரை வழக்கப்படி இரண்டு வீட்டுக்கும் நடுவில் நெருப்பும் தண்ணீரும் போகக்கூடாது. யார் முதலில் அடுத்த வீட்டுப் படி ஏறுகிறார்களோ, அவர்கள் வழக்கை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம்.

இவரிடம் கேட்டேன், "வைஃபை நெருப்பா, தண்ணியா?"

"ரெண்டும் இல்ல, காத்து. காத்துக்கு இன்னா கட்டு?" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரிண்டரில் வைஃபை பொத்தானை அழுத்திப் பிடித்தேன். நீல விளக்கு அணைந்தது. என் போனிலிருந்தும் அவர்கள் வைஃபையை எடுத்துவிட்டேன். இனி எவள் ஓசி என்பாள், பார்க்கிறேன்.

மார்ச் 8, சனி

பின்னால் இருக்கிற பாறை மேல் ஏறினால்தான் போனில் டவர் கிடைக்கிறது. ஏறினேன். ரோஷத்துக்கு மூச்சு வாங்குகிறது.

மார்ச் 11, செவ்வாய்

டியூஷன் பிள்ளைகளுக்குக் கணக்கெல்லாம் போர்டிலேயே எழுதிப்போட்டேன். கை வலி.

அந்த வீட்டில் தேவயானியை நினைத்தால்தான் மனசு கேட்பதில்லை. அ, ஆ எழுதப் பழகியதே என் மடியில்தான். டிகிரி முடித்து, கவர்மெண்ட் வேலைப் பரீட்சைக்கு ஒரு வருஷமாகப் படிக்கிறாள். கோபால் மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இந்த ஒரு பரீட்சைதான், அதற்கப்புறம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வாணியம்பாடியில் தயாராக இருக்கிறார்கள். அந்த ஒரு வருஷம் வாங்கித் தர நான் மாமாவிடம் எவ்வளவு மல்லுக்கு நின்றேன் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். பரீட்சை இந்த மாசம்தான். எந்தத் தேதி என்று தெரியவில்லை. யாரிடம் கேட்பது? பேச்சே இல்லையே.

மார்ச் 15, சனி

சாயங்காலம் துணி எடுக்கும்போது தேவயானி சுவருக்கு அந்தப் பக்கம் நின்றாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"சித்தி, உங்க வூட்ல கரண்ட் கீதா?"

"கீது" என்றேன். வேறு என்ன சொல்ல? மங்கம்மாள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். பெண் சிரித்தபடி போய்விட்டாள். சிரிப்பு எதற்கென்று புரியவில்லை. ஆனாலும் பத்து நாள் கழித்து ஒருத்தி சித்தி என்று கூப்பிட்டது நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன்.

மார்ச் 16, ஞாயிறு, காலை

விடிகிற நேரம் அடுப்படி ஜன்னலில் பார்த்தேன். தேவயானி நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு சுவரருகே வந்து, கல்லைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒன்றுமில்லை. தரையில் பார்த்தாள், எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். திருப்பத்தூர் போகிற மணிவேல் ஜீப் ஹாரன் அடித்தது. மாமா முன்சீட்டில் இருந்தார். ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

எதைத் தேடினாள்? நான் ஒன்றும் வைக்கவில்லையே.

சாயங்காலம்



இவர் மதியமெல்லாம் நச்சரித்தார். "புள்ளைங்களுக்கு பரீட்ச வருது, கேள்வித்தாள் அடிச்சுக் குடு, காத்து மேல இன்னா கோவம்?" என்று. சரி, தொலையட்டும் என்று பொத்தானை அழுத்தினேன். நீல விளக்கு சிமிட்டி, நின்று எரிந்தது. பாஸ்வேர்ட் மாறவில்லை. மங்கம்மாள் என்னைத் துண்டிக்கவே இல்லை. அதைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஜீப் வந்து நின்ற சத்தம். அந்த வீட்டுக் கதவு திறந்த சத்தம். கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் தானாக ஓட ஆரம்பித்தது. நான் எதுவும் அனுப்பவில்லை.

ஹால் டிக்கெட். தேவயானி போட்டோ. தேதி இன்றைய தேதி.

நேற்று தட்டியிருக்கிறாள். கரண்ட் இருக்கிறதா என்று கேட்டது அதற்குத்தான். இருக்கிறது என்றேனே! இருந்தது கரண்ட் மட்டும்தான், வைஃபையை நான் அணைத்துப்போட்டிருந்தேன். அவள் போனிலேயே காத்துக் கிடந்தது, அவள் வீடு திரும்பியதும் வந்து விழுகிறது.

அப்படியானால் காலையில்? பேப்பர் இல்லாமல் போனாளே, உள்ளே விட்டார்களா? கடையில் எடுத்திருப்பாள். எடுத்திருப்பாள்தானே? ஐயோ, அந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கிறது.

யாருக்குமே தெரியாது. இந்தப் பேப்பரை அடுப்பில் போட்டால் தீர்ந்தது. கரண்ட் கோளாறு என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள்.

சீ. இன்னாடி பேச்சு இது.

படி ஏறினால் மரம் போச்சு. இவர் என்னை என்ன செய்வாரோ தெரியாது. அழுகை இன்னும் நிற்கவில்லை. போறேன்.

மார்ச் 17, திங்கள்

போனேன்.

படி ஏறும்போது மாமா வாசலில்தான் இருந்தார். "ஈஸ்வரி, ரோசன பண்ணிட்டு ஏறு" என்றார். ஏறிவிட்டேன். பேப்பரை நீட்டி, "நான்தான் வைஃபைய அணைச்சேன். கோவத்துல அணைச்சேன். பொண்ணு அனுப்பிச்சது எனக்கு வர்ல" என்றேன்.

நடந்ததை அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக் காலை, திருப்பத்தூரில் ஜெராக்ஸ் கடை ஒன்றும் திறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்காரர் வந்து ஷட்டர் தூக்கும்வரை நின்று பேப்பர் எடுத்து, ஆட்டோ பிடித்துப் போனால், கேட் மூடியாகிவிட்டது. நேரம் தாண்டினால் விடக்கூடாது என்பது விதியாம். கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள்.

மங்கம்மாள் வாயில் என்னென்ன வரும் என்று நினைத்துப் போனேன். ஒன்றும் வரவில்லை. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தேவயானி மட்டும் கேட்டாள்.

"சித்தி, நீங்களா?"

அவ்வளவுதான். அறைக்குள் போய்விட்டாள்.

இன்று காலையிலேயே வாணியம்பாடிக்குப் போன் போய்விட்டதாம்.

மார்ச் 19, புதன்

இவர் என்னோடு பேசவில்லை. வாயைத் திறந்தது ஒரு தடவைதான், "மரத்த தூக்கிக் குடுத்துட்டியே" என்று சொல்ல. குடுத்தேன். அந்தப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டு மரத்தைக் கட்டிக்கொண்டு அழவா?

வாணியம்பாடிக்காரர்கள் அடுத்த வாரம் பூ வைக்க வருகிறார்கள். என்ன செய்யலாம்? என்னதான் செய்யலாம்?

மார்ச் 21, வெள்ளி

ஊர் கூடியது. சடையன் மாமா நீட்டி முழக்கவில்லை. "ஈஸ்வரி படி ஏறியாச்சு. வழக்கு தீந்துச்சு. மரம் இந்த வருசம் கோபாலுக்கு" என்றார். எல்லாரும் துண்டை உதறி எழுந்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்த வருசம் எங்க முறை. அதையும் அவங்களுக்கே விட்டுர்றேன். பதிலுக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு வருசம் குடுங்க. மறுக்கா பரீட்ச எழுதட்டும்."

சத்தம் கிளம்பிவிட்டது. பெண் கல்யாணப் பேச்சு வேறு, மர வழக்கு வேறு என்றார்கள். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் விடவில்லை. "எங்க முறையை மழை கெடுத்துச்சு, அதுக்கு யாரும் பொறுப்பில்லன்னு சொன்னீங்க, சரி. அந்தப் பொண்ணு முறையை நான் கெடுத்தேன். மழை இல்ல, நான். என் முறையை எடுத்துக்கினு அவ முறையக் குடுங்க."

சடையன் மாமா தாடையைச் சொறிந்தார்.

"முறைக்கு முறை கேக்குறா. சரியாத்தான கீது, கோபாலு?"

பெண்கள் பக்கத்திலிருந்து மங்கம்மாள் குரல் வந்தது. "ஒத்துக்கோங்க." அதட்டல் இல்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது. அவள் கெஞ்சி நான் கேட்டதில்லை.

கோபால் மாமா தலையாட்டினார். ஒரே ஒரு வருஷம்.

மார்ச் 23, ஞாயிறு

இவர் இன்று சாப்பிடும்போது, "கொழம்புல உப்பு கம்மி" என்றார். அப்பாடா. பேச்சு வந்துவிட்டது.

ஏப்ரல் 10, வியாழன்

நீல விளக்கு பகலெல்லாம் எரிகிறது. நான் அணைப்பதே இல்லை. அந்த வீட்டிலிருந்து ஒரு பேப்பர்கூட வரவில்லை. மாமாவுக்குச் சிட்டா நகல் வேண்டுமென்று தேவயானி புதூர்நாட்டுக் கடை வரைக்கும் நடந்து போனாளாம். சுவருக்கு இந்தப் பக்கம் பிரிண்டர் இருக்கும்போது.

போகட்டும். நான் செய்ததற்கு இது கம்மி.

ஜூன் 9, திங்கள்

தேவயானி திருப்பத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போய்விட்டாள். பெட்டியை ஜீப்பில் ஏற்றும்போது வாசலில்தான் நின்றேன். பார்க்காமல் ஏறினாள். கோபம் இருக்கட்டும். படித்தால் போதும்.

நவம்பர் 12, புதன்

டியூஷன் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். மங்கம்மாள் அக்கா படி ஏறி வந்தாங்க. போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்திருந்தாங்க, சூடாக இருப்பது போல.

"தேவயானி இன்னாவோ அனுப்பிச்சிருக்குது. எனக்கு இதுல ஒரு எழவும் தெரியல. உங்கிட்ட குடுத்து பிரிண்ட் எடுத்து அனுப்பச் சொல்லிச்சு."

வாங்கிப் பார்த்தேன். ஹால் டிக்கெட். வர்ற ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை, திருப்பத்தூரில்.

"திருப்பத்தூர்ல தெருவுக்கு நாலு ஜெராக்ஸ் கடை கீதேக்கா. நாலு நாள் இருக்குதே, அங்கயே எடுத்துக்கலாமே?"

"நானும் அதத்தான் கேட்டேன். கேட்டாத்தானே. சித்திதான் எடுத்துக் குடுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குது."

முதல் பேப்பரில் கோடு விழுந்தது. கிழித்துப் போட்டேன். இரண்டாவதும் மூன்றாவதும் சுத்தமாக வந்தன. கண்ணீர் மறைத்ததால் அக்காவிடம் கொடுத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் போட்டோவையே வெகுநேரம் பார்த்தாங்க.

"மணிவேல் ஜீப்புல குடுத்து அனுப்பிடட்டுமா?" என்றாங்க.

"வேணாங்க்கா. நானே எடுத்துக்கினு போறேன்."

போனை முந்தானையில் முடிந்துகொண்டு படி வரைக்கும் போய், திரும்பிப் பார்த்தாங்க.

"அப்ப மணிவேலுகிட்ட எனக்கும் சேத்து எடம் சொல்லு."

சொல்லிவிட்டேன். காலையில் இரண்டு பேரும் போகிறோம்.