விசாலத்தின் வாடகை இயந்திரங்கள்

ஜூன் 3, திங்கள்

புழுக்கம். மழை இன்னும் இல்லை. மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை.

கல்லூரிக் கணினிக் கூடத்தில் என் கணக்கு இன்றும் வரிசையில். கடல் ஏறும் நேரத்தில் கனமழையும் பெய்தால் தாராவியில் எந்தச் சந்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்ற கணக்கு. ஓய்வு பெற்றவளுக்குக் கடைசி இடம். முன்னால் யாரோ ஒரு மாணவியின் நட்சத்திர மண்டலம்.

வெள்ளிக்கிழமை மாநகராட்சிக் கூட்டம். இந்த மழைக்காலத்துக்கு எங்கள் இருவரில் ஒருத்தியின் கணக்கைத்தான் எடுத்துக்கொள்வார்கள். மற்றவள் விசாலம். செம்பூர். படிக்கும் காலத்திலிருந்து தோழி, அதாவது போட்டி.

தொலைபேசியில் அவள்: "க்யூவாவது கியூவாவது! கிளவுடுல, அதான் இன்டர்நெட் வழியா, கம்ப்யூட்டர் மெஷின் வாடகைக்கு எடுத்துண்டுட்டேன்டி. எந்த ஊர்ல இருக்குன்னுகூடத் தெரியாது. வேணுங்கறச்சே நூறு, வேண்டாட்டா ஒண்ணும் இல்லே. நீ அங்கேயே நின்னுண்டிரு."

வாங்கியவை: நேந்திரங்காய், கொத்தமல்லி, மல்லிகை. பல் டாக்டரை மறந்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

செம்பூர் போனேன். பார்த்துவிட்டு வர, வேறெதற்கு. குர்லாவில் வண்டி மாறுவதற்குள் புடவை கசங்கிப்போயிற்று.

ஊர் வரைபடத்தைத் துண்டு போட்டு இயந்திரத்துக்கு ஒரு துண்டு. தன் எல்லையில் தண்ணீர் எவ்வளவு என்று ஒவ்வொன்றும் அடுத்ததற்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் கூடத்திலும் அதே முறைதான். இந்த வேகம்தான் இல்லை. வயிறு எரிந்தது. காபி வேறு நன்றாக இருந்தது.

"மலிவு மெஷின்டி. வாடகைக்கு விடறவாகிட்ட சும்மா கிடக்கறது. வேணும்னா எப்போ வேணா திருப்பி எடுத்துப்பா. இதுவரைக்கும் எடுக்கலே."

"போட்ட வரைக்கும் கணக்கை நடுநடுவே சேமிச்சு வைக்கறதோல்லியோ?"

"அதைத் தூக்கிட்டேன். படிக்கறச்சே சேர்ந்து பண்ணின ப்ரோக்ராம்ல நீ எழுதினதுதானே அது? கரண்டு போற காலத்துக் கவலை. ஒவ்வொரு தடவையும் நின்னு நின்னு எழுதிண்டு. இப்போ பறக்கறது பாரு!"

ஓர் இயந்திரம் போனால் போதும், மற்றவை பதிலுக்குக் காத்து நிற்கும். பிறகு எல்லாம் முதலிலிருந்து. சொல்லியிருக்கலாம். இன்னொரு காபி கேட்டேன்.

ஜூன் 5, புதன்

மார்க்கெட் வாசலில் பூக்காரி முத்துலட்சுமி. வீடு தாராவியில், வாய்க்கால் ஓரம்.

"மாமி, ஒங்க கம்ப்யூட்டரு சொல்லிட்டா? கட்டில எப்பத் தூக்கி வைக்கணும்னு முந்தின நாளே சொன்னாப் போதும்லா. போன வருசம் தண்ணி உள்ள வந்த பெறவுல்லா மைக்குல கத்துனானுவ!"

"சொல்லும்" என்றேன். யாருடைய கம்ப்யூட்டர் என்று சொல்லவில்லை.

பிற்பகல் முதல் மழை. கூடவே தொலைபேசியில் விசாலம். "மூணு மெஷினைப் பிடுங்கிண்டுட்டாடி மைதிலி. மொத்தமும் நின்னுபோயிடுத்து. முக்கால்வாசி ஆயிருந்தது. ஒண்ணும் மிச்சமில்லே."

இனித்தது. எனக்கு மட்டுமான குறிப்பு, ஆகவே எழுதலாம். பிறகு முத்துலட்சுமியின் கட்டில் நினைவுக்கு வந்து அதைக் கெடுத்தது.

ஜூன் 6, வியாழன்

காலையிலேயே செம்பூர். ரயில் தாமதம், குடை முறிந்தது. விசாலம் நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். அவள் நீக்கிய என் சேமிப்பு வரிகளைத் திரும்பச் சேர்த்தேன்.

மதியம் மறுபடியும் ஓர் இயந்திரம் பறிபோயிற்று. வேறொன்றைப் பிடித்து, சேமித்த இடத்திலிருந்து கிளப்பினோம். ஓடிற்று.

"முந்தாநாள் கேட்டியே, அப்பவே உனக்குத் தெரியுமோல்லியோ?"

"தெரியும்."

"கடங்காரி." உப்புமாத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். உப்பு குறைவு. மகிழ்ச்சி.

மாலையில் முடிந்தது. குறை சொல்ல முடியாத முடிவு. என்னுடையது இன்னும் வரிசையில்.

ஜூன் 7, வெள்ளி

விடாத மழை. கூட்டம். அவள் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். சந்து வாரியாக முந்தின நாளே எச்சரிக்கை போகும். முத்துலட்சுமிக்குச் சொல்ல வேண்டும்.

திரையில் முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள். என் பெயர் மேலே, அவளுடையது கீழே. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன பெருந்தன்மை என்று அவளுக்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

இதிலும் முந்திக்கொண்டாள்.