உன் சாட்சியில் வரும் நண்பன்

பதினைந்து வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். போதும்.

நேற்றுக் காலை கல்லூரிக்குப் போகும் அவசரத்தில் தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண்மணி என் கையில் கைப்பிரதி ஒன்றைத் திணித்தார். வழக்கமாக அதை மடித்துச் சட்டைப்பையில் போடுவேன். துவைத்த பிறகு கூழாக எடுப்பேன். நேற்று மடிக்க முடியவில்லை. முகப்பில் நீ இருந்தாய். ட்ரம் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு குச்சிகளையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, மறு கையை மேலே தூக்கியிருந்தாய். அச்சு மையின் வாசம் இன்னும் போகவில்லை. நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நீ மனம் திரும்பிய கதையைச் சொல்லும் உன் சாட்சி மட்டும் புதிதாக அச்சாகியிருக்கிறது.

வண்டியில் இடம் கிடைத்ததும் பிரித்தேன். இரண்டாவது பத்தியிலேயே நான் வந்துவிட்டேன். "ஆலயத்தில் என்னோடு கீபோர்டு வாசித்த ஒரு நண்பன்தான் என்னை உலகத்துக்குள் அழைத்துப் போனான். முதல் கிளாஸை என் கையில் கொடுத்தவனும் அவனே."

உலகம் என்று நம் சபையில் சொன்னால் அது சினிமா. அங்கே உன்னை அழைத்துப் போனது நான்தான். அதை எங்கும் மறுத்ததில்லை. அந்தக் கிளாஸைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அதற்கு முன் உன் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்குத் தாம்பரத்தில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த நம் ஆலயத்தில் சபையார் பாட்டை இழுப்பார்கள். ஒவ்வொரு அடியின் முடிவிலும் முன்வரிசைப் பெண்கள் மூச்சு வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து, அடுத்த அடிக்கு வருவதற்குள் ஒரு மின்சார ரயில் கடந்து போய்விடும். உன் அப்பா பாடகர் குழுவின் தலைவர். "ட்ரம்ஸ் சபைக்குப் பின்னாடிதான் வரணும். முன்னாடி ஓடக் கூடாது" என்பார். சின்ன வயதிலிருந்து நீ அப்படியே வாசித்து வளர்ந்தாய். காத்திருப்பது உன் மணிக்கட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே அது இருப்பது உனக்கே தெரியாது.

எனக்குத் தெரிந்தவர் ஒருவர் மூலம் வடபழனிப் பக்கம் ஒரு ரிக்கார்டிங் தியேட்டரில் கீபோர்டு வாசிக்கக் கூப்பிட்டார்கள். ட்ரம்ஸுக்கு ஆள் வேண்டும் என்றதும் உன்னைக் கூட்டிப் போனேன். காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் க்ளிக் ஓடும். ஈவிரக்கமில்லாமல் ஒரே சீராக அடிக்கும் அந்த டிக் டிக்கோடு வாசிக்க வேண்டும். நீ நன்றாகத்தான் தொடங்கினாய். ஆனால் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு மயிரிழை நின்றாய். நான்காவது முறை கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ஜினியரின் குரல் வந்தது. "தம்பி, யாருக்கு வெயிட் பண்றீங்க? யாராச்சும் வரணுமா?" உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

கோடம்பாக்கத்தில் ஏறிய வண்டி பல்லாவரத்தை நெருங்கும்போது கேட்டாய்.

"மச்சான், நெஜமாவே நான் யாருக்குடா வெயிட் பண்றேன்?"

"முன்வரிசை ஆன்ட்டிங்களுக்கு" என்றேன். நீ சிரித்தாய். சிரிப்பு முடிவதற்குள் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கின. நாற்பது நாளும் நம் ஆலயத்தில் ட்ரம்ஸ் கிடையாது; வெள்ளைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். பிள்ளைகளுக்கான ஓய்வுநாள் பள்ளி அறையின் சாவி என்னிடம் இருந்தது. முழங்கால் போடுவதற்கான ரெக்சின் மெத்தைகளை பெஞ்சின் மேல் அடுக்கி, அவற்றில் நீ குச்சியால் அடித்தாய். சத்தம் வெளியே போகாது. பக்கத்தில் தாளம் காட்டும் கருவியை மடியில் வைத்துக்கொண்டு நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது நான் கணிதத்தில் எம்.ஃபில். முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவன். எண்ணுவது ஒன்றுதான் எனக்குத் தெரியும். வரி முடியும் இடம் வந்ததும் உன் தோளில் தட்டுவேன். "இங்க சபையே இல்லடா. போ." நாற்பது நாளும் இதையே சொன்னேன்.

உயிர்த்தெழுந்த ஞாயிறன்று துணியை எடுத்தார்கள். நீ வாசித்தாய், சபை முதல் முறையாக உன் பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்தது. வெளியே வந்ததும் உன் அப்பா, "என்னடா அவசரம் உனக்கு, ட்ரெயின் புடிக்கணுமா?" என்றார். அடுத்த மாதம் வடபழனியில் உன்னை எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்தது. நான் ஆலயத்துக் கீபோர்டோடு நின்றுகொண்டேன். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. படங்கள், மேடைக் கச்சேரிகள், துபாய், சிங்கப்பூர் என்று நீ போய்க்கொண்டே இருந்தாய். பேருந்தில் உன் தாளம் கேட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லத் தோன்றும். சொன்னதும் உண்டு.

மூன்று வருடம் கழித்து ஒரு காலை, பீச் வண்டிக்காக நாம் இருவரும் தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்றிருந்தோம். உன் கண் வீங்கியிருந்தது.

"நேத்து குடிச்சேன்டா."

"யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. பார்ட்டில ட்ரேல வந்துச்சு. எல்லாரும் எடுத்தாங்க, நானும் எடுத்தேன்." "இருமல் மருந்து மாதிரி கீதுடா" என்று வேண்டுமென்றே பேட்டை பாஷையில் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாய். நான் சிரிக்கவில்லை. "அப்பா காதுக்குப் போயிடக் கூடாது மச்சான்."

"போகாது" என்றேன். போகவில்லை. அந்தக் கிளாஸில் என் பங்கு அந்த ஒரு சொல்.

பிறகு நீ நிறையக் குடித்தாய். கை நடுங்கத் தொடங்கியதும் ரிக்கார்டிங் நின்றது. உன் மனைவி பிறந்த வீட்டுக்குப் போனார். எங்கோ ஒரு ஜெபக் கூட்டத்தில் நீ திருந்தினாய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதன் பிறகு நீ தொடவே இல்லை. கை நேரானது, மனைவி திரும்பி வந்தார், மறுபடியும் வாசித்தாய். அந்த நல்ல செய்தியைச் சொல்லத்தான், பதினைந்து வருடத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் ஆலயத்தில் சாட்சி சொல்ல எழுந்து நின்றாய்.

நான் உனக்குப் பத்தடி தள்ளிக் கீபோர்டு முன் உட்கார்ந்திருந்தேன். "இந்த ஆலயத்துல என்னோட கீபோர்டு வாசிச்ச ஒரு ஃப்ரெண்டு..." என்று ஆரம்பித்தாய். ஒரு நொடி எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். நாற்பது நாளையும் சொல்லப் போகிறாய், நன்றி சொல்லப் போகிறாய் என்று கூச்சத்தில் தலையைக்கூடக் குனிந்துகொண்டேன். நீ நிறுத்தினாய். எத்தனை துடிப்பு நிறுத்தினால் கூட்டம் மூச்சைப் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியும். அதன் பிறகு கிளாஸைச் சொன்னாய்.

சபை என்னைப் பார்த்தது. ஆயர் என்னைப் பார்த்துக் கையசைத்தார், அடுத்த பாட்டை மெதுவாக ஆரம்பி என்று. ஆரம்பித்தேன். மனம் மாறுகிறவர்கள் முன்னால் வாருங்கள் என்று நீ அழைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் மிருதுவாக வாசித்துக்கொண்டிருந்தது நான்தான். இதை இன்றுவரை என்னாலேயே நம்ப முடியவில்லை.

அம்மா பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தாள். வீட்டில் சோறு போடும்போது கேட்டாள்.

"நீயாடா அது?"

"இல்லம்மா."

"அப்ப அங்கயே எந்திரிச்சு இல்லன்னு சொல்றதுக்கு என்ன? வாயில என்ன வச்சிருந்த?"

"சாட்சி நடுவுல எப்பிடிம்மா?"

"சினிமாவுக்கு நீ கூட்டிட்டுப் போகல?"

"போனேன்."

அவள் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுபடி கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, நான் கல்லூரியிலிருந்து வந்து கதவைத் தட்டினால், திறந்ததும் உடனே விலக மாட்டாள். என் முகத்தருகே ஒரு நொடி நிற்பாள். பிறகுதான் வழி விடுவாள். ஆறு வருடம், சாகும்வரை, ஒவ்வொரு மாலையும். நாற்பதை நெருங்கிய மகன், பிள்ளைகளுக்குக் கணிதம் நடத்துகிறவன், மூச்சை வெளியே விட்டுக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன். எனக்கு அந்த வாடையே ஆகாது என்பதை யாரிடம் போய் நிரூபிப்பது?

ஆலயக் கமிட்டியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "சார், இத்தன வருஷம் வாசிச்சிட்டீங்க, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன்" என்றார் செயலாளர். அந்த ஓய்வு இன்னும் முடியவில்லை. வாசலில் தேநீர் குடிக்கும்போது ஒருவர் கேட்டார்: "என்ன பிரதர், வெறும் டீதானா?" எல்லோரும் நல்ல மனதோடுதான் சிரித்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன், பொங்கலுக்கு முந்தின நாள், பெருங்களத்தூரில் பேருந்துக்காக நின்றிருந்தேன். சென்னை முழுவதும் தெற்கே போய்க்கொண்டிருந்தது. நீ காரின் கண்ணாடியை இறக்கி, "மச்சான், ஏறு" என்றாய். ஏறினேன். கார் நகரவில்லை; உன்னாலும் எங்கும் போக முடியாது. கேட்டுவிட்டேன்.

"அந்த கிளாஸ நான் குடுத்தேனாடா?"

ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டிருந்த உன் விரல் நின்றது.

"உன் பேர நான் எங்கயும் சொன்னதில்லையே."

"நம்ம சர்ச்ல அப்ப கீபோர்டு எத்தன பேருடா வாசிச்சாங்க?"

முன்னால் நின்ற பேருந்தின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "அன்னிக்கு அப்பா முன்னாடி உக்காந்திருந்தாரு. நானே எடுத்தேன்னு சொல்ல வாய் வரலடா. ஒரு ஃப்ரெண்டுன்னு வந்துருச்சு. அப்புறம் போற எடமெல்லாம் அதையேதான் சொல்லச் சொல்றாங்க. அந்த எடத்துலதான் ஜனங்க அழறாங்க."

"எங்கம்மாவும் அன்னிக்கு அங்கதான் இருந்தாங்க."

"தெரியும்." பிறகு, "சத்தியம் பண்ணக் கூடாதுதான். இருந்தாலும் பண்றேன். அடுத்த வாட்டி மாத்திச் சொல்லிடறேன். சேலையூர்ல உபவாச ஜெபம் இருக்கு. நீயே வந்து கேளு."

வந்தேன். கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீ என்னைப் பார்த்துவிட்டாய். அந்த இடம் வந்தது. நிறுத்தினாய், வழக்கத்தைவிட இரண்டு துடிப்பு அதிகமாக. அந்த இரண்டு துடிப்பும் நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். "முதல் கிளாஸை என் கையில் குடுத்ததும் அவன்தான்" என்றாய். முன்னால் ஒரு பெண் விம்மினாள். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பொய்யைக்கூட விட்டுவிடலாம் என்று சில நாட்களில் தோன்றும். அப்பாவுக்குப் பயந்த பிள்ளை நீ; எனக்குத் தெரியும். ஆனால் சேலையூர்க் கூட்டத்துக்கு முன்பே உன் அப்பா இறந்துவிட்டார். அங்கே நீ யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தின் அழுகை உனக்கு வேண்டியிருந்தது. அதை வாங்கித் தந்த இடைவெளியை அளக்கும் கணக்கு, ரெக்சின் மெத்தைகள் மேல் நாம் இருவரும் சேர்ந்து எண்ணி எண்ணிச் சம்பாதித்தது. என் எண்ணிக்கையை வைத்தே என்னை அடித்தாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

உன் அடக்க ஆராதனைக்கு வந்தேன். வெளியே மரத்தடியில் நின்றிருந்தேன். உன் மனைவி என்னைக் கண்டு அருகில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வந்தீங்களேண்ணா. அவரு உங்கள மன்னிச்சிட்டேன்னு அடிக்கடி சொல்வாரு" என்றார். அழுது அழுது தொண்டை கட்டியிருந்த பெண்ணிடம் என்ன சொல்வது? தலையாட்டினேன். உன் மன்னிப்பையும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது நான் தனி ஆள். கதவை நானே பூட்டித் திறக்கிறேன். திறந்ததும் ஒரு முறை மூச்சை வெளியே விடுகிறேன், பழகிவிட்டது. ஷேர் ஆட்டோவில் பழைய பாட்டு ஓடும்போது, குரல் தொடங்குவதற்கு முன்பே, வாசிப்பது நீ என்று தெரிந்துவிடும். முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கால் மட்டும் தாளம் போடும். வெறுப்பு இன்னும் கால்வரை இறங்கவில்லை. உன்னைப் போல் வாசித்தவன் எனக்குத் தெரிந்து இல்லை. இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று இருந்தேன். சொல்லிவிட்டேன்.

கைப்பிரதியின் அடியில், "இந்தச் சாட்சியால் தொடப்பட்டவர்கள் எங்களுக்கு எழுதுங்கள்" என்று முகவரி போட்டிருக்கிறார்கள். நானும் தொடப்பட்டவன்தான். ஆகவே இதை அங்கே அனுப்பப் போகிறேன். அடுத்த பதிப்பு அச்சாகும் முன் யாராவது ஒருவர் படிக்கட்டும். அந்த வரியில் கொஞ்சம் தயங்கட்டும். வாட்ஸ்அப் எண்ணும் இருக்கிறது. அதில் அனுப்பினால் என் படமும் பெயரும் சேர்ந்து போகும். அதனால் தபால்.

பெயர் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு சகோதரர்கள் வேதப்புத்தகத்தோடு வீட்டுக்கு வருவார்கள். "கசப்ப விட்டுருங்க பிரதர்" என்பார்கள். என் கூடத்தில் முழங்கால் போட்டு எனக்காக ஜெபிப்பார்கள். போகும்போது ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த பதிப்பின் கடைசிப் பத்தியில் அந்த நண்பனும் திருந்தியிருப்பான்.

கொடுக்காத கிளாஸுக்கு மன்னிப்பு கிடைத்தாயிற்று. திருந்த எதுவும் இல்லாதவனைத் திருத்தவும் விட மாட்டேன். நாளைக் காலை வண்டி ஏறுவதற்கு முன் பெட்டியில் போட்டுவிடுவேன். கையெழுத்து போடவில்லை.