கார்ட்டினாவின் புகைக்குழாய்

மே 3

இன்றும் மழை. மோர்வெல்லில் மழை இல்லையென்றால் மூடுபனி, இரண்டும் இல்லாத நாளில் யாருக்காவது இறுதிச் சடங்கு.

புகைக்குழாயின் இரண்டாவது வளைவைப் பாழ்பண்ணிவிட்டேன். அவசரப்பட்டு ஒரே சுற்றாகப் பற்றவைத்தேன். சூட்டில் குழாய் இழுத்துக்கொண்டு கோணிப்போய்விட்டது. டெஸ் ஷெட் வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பாவிப் புருஷன், முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. முடிந்த பிறகு, "கார்மென், அது காருக்கா, கக்கூசுக்கா?" என்கிறான். கையுறையைக் கழற்றி அவன்மேல் எறிந்தேன். சிரிக்கப்போய் அவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அது நிற்கும்வரை நான் குழாயைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

தையல் ஆலையில் சட்டைக்கை தைத்தே காலம் கழித்தவள் நான். ஐம்பத்தெட்டு வயதில் எவர்சில்வர் தைக்கிறேன். டெஸ்ஸால் இனி காருக்கடியில் படுக்க முடியாது. பதினாறு வயதில் கரண்ட் ஆலையில் சேர்ந்த நாள் முதல் உள்ளே இழுத்த ஆஸ்பெஸ்டாஸ் தூசி, இத்தனை வருஷம் சும்மா கிடந்துவிட்டு இப்போது நுரையீரல் உறையில் புற்றாக முளைத்திருக்கிறது. இந்த ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மெல்பர்ன் டாக்டர், "கிறிஸ்துமஸைப் பத்தி இப்போ பேச வேண்டாமே" என்றார். திரும்பி வந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் டெஸ் சொன்னான்: "கார்ட்டினாவ முடிச்சிரணும். அந்த டர்போ ஊதுற சத்தத்த நான் கேக்கணும். மிர்பூ மேட்டுல ஒரே ஒரு தடவை ஏத்தணும். அவ்வளவுதான்."

கார்ட்டினா அவனுடைய பழைய கார். லாரியிலிருந்து கழற்றிய டர்போ, என்ஜின் எல்லாம் தயார். புகைக்குழாய் ஒன்றுதான் பாக்கி. அது எந்தக் கடையிலும் கிடைக்காது. இந்த ஒரு காருக்கென்று வெட்டி ஒட்ட வேண்டியது.

மே 9

கையைச் சுட்டுக்கொண்டேன். அவனிடம் சொல்லவில்லை.

மே 16

இன்று புத்தி வந்தது. நேரடியாக எவர்சில்வரை வெட்டுவதை விட்டுவிட்டு, காலை உணவுப் பெட்டிகளின் அட்டையில் மாதிரி வெட்டினேன். தோள் வளைவுக்குத் துணி வெட்டுகிற கணக்குதான்: உள்பக்கம் குட்டை, வெளிப்பக்கம் நீளம். டர்போவின் வாயிலிருந்து கீழே இறங்கி, ஸ்டியரிங் கம்பிக்கு இந்தப் பக்கம் திரும்பி, தரைக்கடியில் ஓட வேண்டும். விரல் நுழைகிற இடம்கூட இல்லை.

டெஸ் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இத்தனை வருஷமா எங்கடி ஒளிச்சு வச்சிருந்த இந்த மூளைய?"

"நீ ஆலைக்குப் போட்டுட்டுப் போற ஓவராலத் தொவைச்சு முடிக்கவே நேரம் சரியாப்போச்சு" என்றேன், விளையாட்டாக. அவன் முகம் சட்டென்று மாறியது. வலி வந்துவிட்டதோ என்று கேட்டேன். இல்லை என்றான். பிறகு மாத்திரை கேட்டான்.

ஒரு வளைவு சரியாக வந்தது. அங்கங்கே பொட்டு மாதிரி பற்றவைத்து, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் போய்ப் பொட்டு வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். குழாய்க்குள் ஆர்கான் வாயுவை நிரப்பச் சொன்னான், உள்தையல் கருகாமல் இருக்க. "உள்ள எவன் வந்து பாக்கப்போறான்?" என்றதற்கு, "புகை பாக்கும்ல" என்றான். திமிர்.

மே 24

பாரி நூனன் வந்தான். டெஸ்ஸும் அவனும் ஒரே நாளில் ஆலையில் சேர்ந்தவர்கள். பியர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, டெஸ்ஸைப் பார்க்காமல் காரையே பார்த்தான். இப்போது வருகிற எல்லோரும் காரைத்தான் பார்க்கிறார்கள்.

"ஏன் மச்சான், சாகப்போறவனுக்கு எதுக்குடா டர்போ?"

"சீக்கிரம் போய்ச் சேரத்தான்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அடுப்பங்கரைக்குள் போக வேண்டியிருந்தது. பஸ்தீட்சி பலகாரம் சுட்டுக்கொண்டு வந்தேன், அம்மா சுடுகிற மாதிரி ரிக்கோட்டா சீஸ் நிறைய வைத்து. பாரி ஆறு தின்றான். டெஸ் ஒன்றைப் பிய்த்துத் தட்டில் பரப்பி, தின்ற மாதிரி காட்டினான்.

டர்போவிலிருந்து இறங்கும் குழாய் பிரேக் ஆயில் டப்பாவை ஒட்டிப் போகிறது. சூடு தாக்கினால் ஆயில் கொதித்து மேட்டிறக்கத்தில் பிரேக் பிடிக்காது. குழாய்மேல் சூடு தாங்கும் நாடா சுற்றியே ஆக வேண்டும். "என்கிட்ட இருக்கு கார்மென், நீ வாங்காத" என்றான் பாரி, கிளம்பும்போது வாசல்கேட்டில் என்னிடம் மட்டும். "ஆலை மூடுனப்போ எடுத்தது. கடைச் சரக்கெல்லாம் இதுகிட்ட நிக்காது."

இந்த ஊர் ஷெட்களில் கிடப்பதில் பாதி, ஆலை வாசல் வழியாக வந்ததுதான். திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. ஆலைச் சாமான் என்றால் நல்ல சாமான்.

ஜூன் 2

குழாய் முடிந்தது!

மேசைமேல் வைத்தேன். டெஸ் எழுந்து வந்தான். விளக்கடித்து உள்ளே பார்த்தான். அது போதாமல் விரலை விட்டுத் தையலைத் தடவினான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், முதல்நாள் சூப்பர்வைசர் முன்னால் நின்ற மாதிரி.

"ம்" என்றான்.

அவனோடு வாழ்ந்த காலத்தில் இப்படி ஒரு "ம்" நான் வாங்கியதில்லை. அழுகை வந்துவிட்டது. எனக்கே வெட்கமாக இருந்தது.

நாடாவைச் சுற்றி, மாட்டி, ஸ்டார்ட் பண்ண வேண்டியதுதான். சனிக்கிழமை என்று சொல்லிவிட்டான்.

ஜூன் 6

காலையிலேயே டெஸ்ஸை ஆஸ்பத்திரியில் விட்டேன், நெஞ்சு நீரை எடுக்க. ராத்திரி அங்கேயே வைத்துக்கொள்வார்களாம். வரும்போது அவனுக்கு ஒரு ஆச்சரியம் இருக்கட்டும் என்று உட்கார்ந்து நாடா முழுவதையும் சுற்றிவிட்டேன். பாரி ஒரு தகரத்தில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். வெள்ளை நாடா, கெட்டி நெசவு, கைக்கு மெத்தென்று இருந்தது. கண்ணாடி நார்தானே என்று பாரிக்குப் போன் போட்டும் கேட்டேன். "ஆமாமா, தடை போட்டதுக்குப் பின்னாடி வந்த சரக்கு, பயப்படாத" என்றான். தகரத்திலிருந்து எடுக்கும்போது ஒரே தூள். கதவைச் சாத்தித்தான் செய்தேன், வெளியே அப்படிக் குளிர். கத்தரித்து, இழுத்து, பாதிப் பாதி மேலேறும்படி சுற்றி, கம்பியால் கட்டினேன். ஷர்ட்டெல்லாம் வெள்ளை. கொடியில் போட்டு உதறினேன்.

பார்க்க அழகாக இருக்கிறது. கட்டுப்போட்ட கை மாதிரி.

ஜூன் 7

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதித்தான் தீர வேண்டும்.

டெஸ்ஸைக் கூட்டிவந்தேன். நேராக ஷெட்டுக்கு நடத்திப் போனேன், கண்ணை மூடு என்று சொல்லி. என்ன ஒரு மடச்சி நான்! கண்ணைத் திறந்து பார்த்தான். என் கையைப் பிடித்து வெளியே இழுத்தான் — அவனுக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்தது? கொடிக்குப் பக்கத்தில் நிறுத்தி, "கழட்டு. எல்லாத்தையும் கழட்டு" என்று கத்தினான். அந்தக் குளிரில் நான் நிர்வாணமாக நின்றேன். தோட்டக் குழாயை என் தலைமேல் திறந்துவிட்டான். தலைமுடி, காது, நகம். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"யாருடி குடுத்தா?"

"பாரி... கண்ணாடி நாருன்னான்..."

"கண்ணாடியா? பதினாறு வயசுல என் கையால சுத்துன நாடாடி அது! எனக்குத் தெரியாதா? மூடிக்கிட்டா சுத்துன? மூக்க மூடிக்கிட்டா?"

பல் கிடுகிடுக்க எனக்கும் ஆத்திரம் வந்தது. "இதுல என்ன புதுசு? கல்யாணமான நாள்லேந்து உன் ஓவராலை இதே கொடியில உதறி உதறித் தொவைச்சவ நான்தானே? அப்ப எங்க போச்சு இந்தத் தண்ணிக் குழாய்?"

சொல்லியிருக்கக் கூடாது.

குழாய் அவன் கையிலிருந்து விழுந்தது. ஈரப் புல்லில் உட்கார்ந்தான். மூச்சு வாங்கி வாங்கி, வாயைத் திறந்துகொண்டு, சத்தமே வராமல் அழுதான். "அத மட்டும் சொல்லாத கார்மென். டாக்டர் சொன்ன நாள்லேந்து நான் அத ஒண்ணத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். என்னப் பத்தி இல்ல. அந்த ஓவரால்."

அப்படியே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

ஜூன் 12

நாடாவில் துண்டு ஒன்றைச் சோதனைக்கு அனுப்பியிருந்தோம். ஆஸ்பெஸ்டாஸ்தான்.

பாரி வாசல்கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை. "என் ஷெட்டுலயே கெடந்துச்சு மச்சான். என் பேரப்பசங்க அந்தத் தகரத்து மேல ஏறி வெளையாடுவானுங்க" என்றான். டெஸ் ஜன்னலைத் திறந்து, "போய் நெஞ்சுப்படம் எடுத்துப் பாருடா. ஷெட்டப் பூட்டு" என்றான். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் பாரிக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 18

ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள். ஷெட்டைத் துடைத்தார்கள், காரைத் துடைத்தார்கள். குழாயைக் கழுவித் தரலாம் என்றான் ஒருவன். டெஸ் வேண்டாம் என்று தலையாட்டினான். இரட்டை பிளாஸ்டிக்கில் சுருட்டி, ஒட்டி, தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கோ குழிதோண்டிப் புதைப்பார்களாம். ஒவ்வொரு தையலும் எனக்குத் தெரியும். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன்.

ஜூன் 25

டெஸ் விடாமல் நச்சரித்து, எனக்கும் நெஞ்சுப்படம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. இப்போது ஒன்றும் தெரியாதாம். வந்தாலும் பல வருஷம் கழித்துத்தானாம், வராமலும் போகலாமாம். "அதுக்குள்ள எனக்கு வேற எதாவது வந்துரும்" என்று டெஸ்ஸிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

ஓவரால் தூசிக்குப் பல வருஷம் எப்போதோ ஆகிவிட்டது.

ஜூலை 5

கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டோம், தோட்டத்து ஜன்னலுக்குப் பக்கத்தில். மிர்பூ மேடு இனி இல்லை. கழிவறைவரை போவதே ஒரு மேடுதான். காரைப் பற்றி அவன் பேசுவதே இல்லை.

புதிதாக ஒரு குழாய் செய்ய நாள் இல்லை. குழாய் இல்லாமலே ஸ்டார்ட் பண்ணினால் என்ன? சத்தம் சத்தம்தானே?

ஜூலை 11

பாரியும் நானும் காரை ஜன்னலுக்கு நேராகத் தள்ளி வந்தோம். பானெட்டைக் கழற்றிவிட்டோம். டர்போவின் வாய் அப்படியே திறந்து, என் பக்கம் பார்த்தபடி. ஜன்னலைத் திறந்து வைத்தேன். டெஸ் தலையணையில் சாய்ந்து பார்த்தான்.

சாவியைத் திருப்பினேன். இரண்டு தடவை முனகியது. பிறகு பிடித்தது.

ஐயோ, அந்தச் சத்தம்! தெருவே நடுங்கியது. கொஞ்சம் மிதித்தேன். டர்போ விசில் மாதிரி மேலே மேலே போயிற்று. வாயிலிருந்து நெருப்பு ஒரு நாக்கு நீட்டியது. பாரி தொப்பியைத் தூக்கி எறிந்து கூத்தாடினான். நான் ஜன்னலைப் பார்த்தேன். டெஸ் கையால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தான். பிடித்துவிட்டது இவனுக்கு என்று இன்னும் மிதித்தேன். இன்னும் வேகமாகத் தட்டினான். வாய் அசைந்தது. என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை. காரைச் சுற்றிக் கறுப்பாகப் புகை மண்டியிருந்தது, கண் எரிந்தது.

பாரிதான் ஓடிப்போய் அவன் வாயருகே காதை வைத்தான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் கூத்து இல்லை.

"அணைச்சிரச் சொல்றான் கார்மென். பொகை உன் மேல வருதாம்."

அணைத்தேன்.

உள்ளே போய், "கேட்டியாடா? நல்லா கேட்டியா?" என்று கேட்டேன். "திரும்பி உக்காரு" என்றான். என் முதுகில் காதை வைத்தான். "மூச்ச இழு." இழுத்தேன். "விடு." விட்டேன். மறுபடி. கெட்டுப்போன என்ஜினில் திருப்புளியை ஒட்டி வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பானே, அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, கீழே, மேலே, இடப்பக்கம், வலப்பக்கம்.

"சத்தம் இல்ல. சுத்தமா இருக்கு" என்றான்.

ஜூலை 19

தினமும் காலையில் இதேதான். டீ கொடுக்குமுன் முதுகைக் காட்ட வேண்டும். இழு, விடு. அவனுடைய மூச்சுதான் கரகரவென்று என் காதில் விழுகிறது.

ஜூலை 27

இன்று "இழு" என்று மட்டும் சொன்னான். தூங்கிவிட்டான்.

ஆகஸ்ட் 14

பாரி கூட இருந்து டெஸ்ஸின் எல்லாக் காரியமும் முடித்துக் கொடுத்தான். பாரியின் நெஞ்சுப்படத்தில் ஏதோ நிழல், இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்களாம். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். காருக்கு வேறு குழாய் செய்யலாமா, நான் பிடித்துக்கொள்கிறேன், நீ பற்றவை என்றான். வேண்டாம் என்றேன். கார் படுதாவுக்குள் கிடக்கிறது.

இன்று காலை டீ போட்டேன். குடிக்குமுன், பழக்கதோஷம், கட்டில் ஓரத்தில் போய்த் திரும்பி உட்கார்ந்துவிட்டேன். மூச்சை இழுத்தேன். விடு என்று சொல்ல ஆள் இல்லை. எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. டீ ஆறிவிட்டது.