ஆறு வயதுக்கு எந்தத் தண்ணீர்?

ஓமியா
ஜூன் 3

கோஹாருவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலம் என்று கோஹாரு வந்து சொன்னாள்; தாடி வளர்க்கிறீர்களாம். இங்கே மழைக்காலம் தொடங்கப்போகிறது, துவைத்தது காயாது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது என்பதால் எழுதுகிறேன்.

மாதத்துக்கு ஒரு மதியம், குழந்தைகள் மையத்தில், இரண்டு மணி நேரம். பிரிந்தபோது நாம் எழுதிக்கொண்டது அவ்வளவுதான். போன தடவை அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அவளை ரப்பர் படகில் ஆற்றில் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். "அம்மா, அப்பா படகுல நான்தான் முன்னாடி உக்காருவேனாம்!" என்று வீடு முழுக்க அதே பேச்சு. வகுப்பில் இருக்கிற இருபத்தெட்டுப் பேரிடமும் சொல்லிவிட்டாள்.

அவளை மூன்று வயதில் ஒருமுறை படகில் முன்னால் உட்கார வைத்தீர்கள். பெரிய பிள்ளையின் மிதவை ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு. அவள் வழுக்கியபோது நீங்கள் பிடித்து இழுத்தீர்கள். ஜாக்கெட் உங்கள் கையில் வந்தது, குழந்தை தண்ணீரில் போனாள். மறுபடி எட்டிப் பிடித்துவிட்டீர்கள், சரி. ஆனால் அந்த வெறும் ஜாக்கெட்டைப் பார்த்த அன்றே நான் உங்களை விட்டுப் போய்விட்டேன். வீட்டை விட்டு வந்தது அப்புறம்தான்.

அக்டோபரில் மறுபடி மத்தியஸ்தர் முன்னால் உட்காரப்போகிறோம். கோஹாரு உங்கள் வீட்டில் இரவு தங்கலாமா என்று என்னைக் கேட்பார்கள். இந்தப் படகு விஷயத்தை எப்படி நடத்துகிறீர்கள் என்று பார்த்துத்தான் பதில் சொல்வேன். எந்த இடம், எந்த மாதம், எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள்.

கனாயே


மினாகாமி
ஜூன் 9

அன்புள்ள கனாயே,

உன் கடிதம் கிடைத்தது. திட்டியிருந்தாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததில் சந்தோஷம்தான்.

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஜூன் 28, சனிக்கிழமை காலை. நானே துடுப்புப் பிடிக்கிறேன். தோனே ஆற்றில் பதினாறு வருடம் படகு விட்டவன், எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மலையில் பனி இன்னும் மிச்சம் இருப்பதால் ஆறு பார்க்கவே அழகாக இருக்கும். அவளுக்கும் ஒரு துள்ளல் வேண்டாமா? குளத்தில் விடுகிற படகு மாதிரிக் கூட்டிப்போனால் அடுத்த தடவை வருவாளா?

அந்தப் பழைய கதையை நீ விடமாட்டாய் என்று தெரியும். ஒன்றும் ஆகவில்லை, கனாயே. இரண்டு விநாடி.

அக்டோபரைச் சொல்லி மிரட்டாதே. எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

தோமோயா


ஓமியா
ஜூன் 14

கோஹாருவின் அப்பாவுக்கு,

உங்கள் படகுக் கம்பெனிக்குப் போன் செய்தேன். பெயர் சொல்லவில்லை. "ஆறு வயசுப் பொண்ணு இருக்கா, ஜூன் கடைசில கூட்டிட்டு வரலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

எடுத்த பெண் பதறிவிட்டாள். "ஐயோ, ஜூன்லயா? வேண்டாங்க! பனி உருகி வர்ற தண்ணிங்க, வேகமும் ஜாஸ்தி, விழுந்தா வெறைச்சுப் போயிடும். இந்த மாசம் பன்னண்டு வயசுக்குக் கீழ யாரையும் ஏத்தமாட்டோம். குழந்தைன்னா ஆகஸ்ட்ல வாங்க, நல்லா விளையாடும்" என்றாள்.

முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு என் மகளைப் பற்றி இருக்கிற அக்கறை உங்களுக்கு இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் தெரிந்தும் விடுகிற ஆளாக உங்களைத்தான் பார்த்தேன்.

கனாயே


மினாகாமி
ஜூன் 25

கனாயே,

பத்து நாள் பதில் எழுத முகமில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

போனில் பேசிய ரியோகோ மறுநாள் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "யாரோ ஒரு அம்மா ஆறு வயசுப் புள்ளைய ஜூன்ல கூட்டிட்டு வரேன்னாங்க. எந்த மடையன் அவங்ககிட்ட அப்படிச் சொன்னானோ!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு படகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வேறொரு தகப்பன் கேட்டிருந்தால் நானும் ரியோகோ சொன்னதைத்தான் சொல்லியிருப்பேன். என் மகள், என் ஆறு என்றதும் அந்த விதி எனக்கில்லை என்று நினைத்துவிட்டேன். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியது தவறு. அன்று அவள் தண்ணீரில் விழுந்தாள், என் குடும்பம் போயிற்று. இதைவிட என்ன ஆகவேண்டும்?

இனி ஒழுங்காகச் சொல்கிறேன். ஆகஸ்டில் தண்ணீர் இறங்கிக் கற்கள் தலைகாட்டும். பாலத்துக்குக் கீழே நாலு கிலோமீட்டர் போதும், ஒன்றரை மணி நேரம். பிள்ளைகளுக்கு அதற்கு மேல் குளிரும், பசிக்கும், அழுகை வரும். நடுவில் கரையேற மூன்று இடம் இருக்கிறது. அவள் உட்காரவேண்டியது நடுவில், முன்னால் இல்லை.

பார்சலில் ஜாக்கெட் அனுப்பியிருக்கிறேன். வார்களை இறுக்கிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார். காதுவரை ஏறினால் அது அவளுக்கு ஆகாது, திருப்பி அனுப்பு. குளிக்கும்போது முகத்தைத் தண்ணீரில் முக்கி ஐந்து எண்ணச் சொல். பயந்தால் கட்டாயப்படுத்தாதே, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

தோமோயா


ஓமியா
ஜூலை 8

கோஹாருவின் அப்பாவுக்கு,

ஜாக்கெட் காதுவரை ஏறவில்லை. நான் பிடித்துத் தூக்கினேன், ஆளே எழும்பினாள். மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன்.

இப்போது கழற்ற மாட்டேன் என்கிறாள். ஜாக்கெட்டோடு உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டாள், நெஞ்சுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே முழ இடைவெளி. "கழட்டுடி, வேர்க்குது" என்றால், "நான் மூழ்கிட்டா நீயா வந்து பிடிப்பே? உனக்குத்தான் நீச்சலே தெரியாதே" என்கிறாள். வாய் உங்கள் வாய்.

குளியல் தொட்டியில் முகத்தை முக்கி எட்டு எண்ணினாள். நான்தான் நாலிலேயே பயந்து தூக்கப்போனேன்.

ஆகஸ்ட் 2, சனிக்கிழமை வருகிறோம். நானும் படகில் ஏறுவேன். உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அக்டோபரில் நான் சொல்லப்போகிற பதில் அன்றைய நாளைப் பொறுத்தது. மிரட்டல் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

கனாயே


மினாகாமி
ஆகஸ்ட் 3

கனாயே,

நேற்று உங்களை ரயிலேற்றிவிட்டு வந்ததிலிருந்து மனம் சரியில்லை. நீ ஒன்றும் பேசாமல் போனாய், கோஹாரு கையாட்டவில்லை. இரண்டு மாதமாக இந்த ஒரு நாளுக்காகவே இருந்தேன், அதை நானே கெடுத்துவிட்டேன்.

காலையில் தண்ணீர் பார்க்கப் போனபோது பிள்ளைகள் படகுக்கு எல்லை என்று கரைக்கல் ஒன்றில் நான் போட்டுவைத்த கோடு மூழ்கியிருந்தது. நாலு விரல்தான். மேலே மலையில் மழை பெய்திருக்கிறது. தண்ணீரும் லேசாகக் கலங்கியிருந்தது. முதலாளி பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு தண்ணியாடா? பெரியவங்க படகு போகட்டும். உன் படகும் போகலாம். பதினாறு வருஷம் ஓட்டினவன் இதுக்குப் பயந்தா நாளைக்குக் குளிக்கவே மாட்டே" என்றார். போயிருந்தால் நிச்சயம் நல்லபடியாகத் திரும்பியிருப்போம். போன படகெல்லாம் சிரித்துக்கொண்டுதான் வந்தன, நீயே பார்த்தாய்.

ஆனால் ஜாக்கெட் போட்டு ஹெல்மெட்டோடு அவள் நின்றபோது என்னால் முடியவில்லை. நீ சொல்லி நான் நிறுத்தவில்லை, உனக்குப் பயந்தும் இல்லை. "இன்னைக்குப் போகலை, கோஹாரு" என்றதும் "அப்பா பொய்க்காரன்!" என்று கத்தினாளே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வண்டி நிறுத்துமிடத்தில் படகைப் போட்டு ஏறச் சொன்னது அவள் அழுகையை நிறுத்தத்தான். ரியோகோ வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியபோது கொஞ்சம் சிரித்தாள். சரளைக்கல்லில் துடுப்புப் போட்டு என்ன பயன்? இருபத்தெட்டுப் பேரிடம் போய் என்ன சொல்வாள், பாவம்.

அக்டோபரில் நீ வேண்டாமென்று சொன்னால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன்.

தோமோயா


ஓமியா
ஆகஸ்ட் 7

தோமோயா,

நான் ஏன் பேசவில்லை என்று நீங்களாக ஒன்றை நினைத்துக்கொண்டீர்கள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்றுதான் பேசவில்லை.

அன்று ரயிலில் வரும்போதே, வேண்டாம் என்று எப்போது சொல்வது, உங்கள் ஆட்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். உங்களோடு இருந்த எட்டு வருடமும் வேண்டாம் என்று சொல்வது என் வேலையாகவே இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். முதலாளி கேலி செய்தபோதும், குழந்தை பொய்க்காரன் என்றபோதும் நீங்கள் அசையவில்லை. அந்த வாளித் தண்ணீர் என் மேலும் பட்டது, உங்களுக்குத் தெரியுமா? அதனால்தான் என் முகம் நனைந்திருந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

கோஹாருவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். "ஆறு கோவமா இருந்துச்சு. எங்க அப்பா அதுகிட்டப் பேசிட்டு, இன்னொரு நாள் வரோம்னு சொல்லிட்டாரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அக்டோபருக்குக் காத்திருக்க வேண்டாம். இரவு தங்கலாம் என்று மத்தியஸ்தருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு நேற்றே அனுப்பிவிட்டேன்.

இந்த மாதம் 23ஆம் தேதி அவளை நடுவழியில் தகாசாகி ஸ்டேஷனில் உங்களிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன். படகில் எனக்கு இடம் போடவேண்டாம். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லவும் வேண்டாம். போவதும் போகாததும் உங்கள் முடிவு. நான் வீட்டில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கப்போகிறேன். அப்படித் தூங்கி மூன்று வருடமாயிற்று.

கனாயே