வேப்பந்தாங்கல் ஏரியில் ஆழமானியை இடம் மாற்றிப் பொருத்தி அளந்தது குறித்து

அனுப்புநர்
அ. சவுரிராயன், த/பெ அந்தோணிசாமி,
மாதா கோயில் தெரு, வேப்பந்தாங்கல்,
பிரம்மதேசம் வழி, விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள், விழுப்புரம்.

பொருள்: தூர் வாரிய ஏரியின் ஆழத்தை மறுபடி அளக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி ஏரியில் மீன் பிடித்துப் பிழைப்பவன். பங்குனி பிறந்தால் ஏரி சேறாகி மீன்கள் செத்துப்போகும். தூர் வாரினால் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்று நம்பியிருந்தோம். சென்ற கோடையில் வாரியதாகச் சொல்கிறார்கள். கரையோரம் சுரண்டியதைத்தான் நான் பார்த்தேன்.

2. வாருவதற்கு முந்தைய மழைக்காலத்தில், ஆழம் அளக்க என் பைபர் படகை ஒப்பந்ததாரர் கேட்டார். அடியில் துளை போட்டுக் கருவியைப் பொருத்தப் பார்த்தார்கள். நான் மறுத்ததால் இடப்பக்கம் தகடு முடுக்கி, ஒரு குழாயின் நுனியில் கருவியை மாட்டி, தண்ணீருக்குள் மூன்றடி இறக்கினார்கள். கருவி தனக்குக் கீழே உள்ள ஆழத்தை மட்டுமே அறியும் என்றும், அதனால் மூன்றடியைக் கூட்டிக் காட்டும்படி அமைத்திருப்பதாகவும் அளவையாளர் ஆஸ்வின் அப்போது எனக்கு விளக்கினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

3. இரண்டாம் அளவை, ஏரி நிரம்பியிருந்த இந்தக் கிறிஸ்துமஸ் அன்று நடந்தது. ஊரே கோயிலில் இருக்கும் நாளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பூசை முடிந்து வந்து பார்த்தால், மதகருகே கட்டியிருந்த என் படகு என்னைக் கேட்காமலே ஏரிக்குள் போயிருந்தது. கரைக்கு வந்ததும் ஏறிப் பார்த்தேன். கருவி பின்பலகைக்கு மாறி, தண்ணீருக்குள் அரையடிதான் இருந்தது. ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரைக் கேட்டேன். “தாமரைக்கொடி மாட்டிக்கினு ஒரே பேஜாருங்க, அதான் மேல ஏத்திட்டோம்” என்றார். இருக்கலாம். ஆனால் கூட்டும் மூன்றடியையும் அரையடியாகக் குறைத்தீர்களா என்று ஆஸ்வினைக் கேட்டதற்கு, அவர் மேற்பார்வையாளர் முகத்தைப் பார்த்தார்.

4. விடாப்பிடியாக அவர்களோடு நடு ஏரிக்குப் போனேன். கருவியின் திரையில் ஏழடி. என் மூங்கில் கழியை ஊன்றினால் நாலரை அடி. கழி சேற்றில் இறங்கினால் கூடத்தான் காட்டும், குறையாது. மூன்றடியில் அரையடி போனால் மிஞ்சுவதும் அதே இரண்டரை அடிதான். அந்த இரண்டரை அடி மண்ணை யாரும் வாரவில்லை என்றே சந்தேகிக்கிறேன்.

5. மறுநாளே ஒப்பந்ததாரரின் ஆள் ஒருவர் வந்து, கருவி முடுக்கியதால் படகில் விழுந்த ஆணித் துளைகளை அடைத்து, புது வண்ணமும் இலவசமாகப் பூசித் தருவதாகச் சொன்னார். எதற்கும் சந்தேகப்படுவது என் பிறவிக் குணம் என்பாள் என் மனைவி செண்பகம். அவளே அன்று, “படகை ஊட்டாண்ட இழுத்துப் போடுய்யா” என்றாள். இரண்டு இடத்துத் துளைகளோடும் படகு இப்போது சாட்சியாக வீட்டு வாசலில் சங்கிலியில் கிடக்கிறது. தொழிலுக்குப் போகவில்லை. மீன் ஓடும் காலத்தில் கரையில் உட்கார்ந்திருக்கிறேன் ஐயா.

6. பொங்கலுக்குள் பணி முடிந்ததாகச் சான்று தரப்போவதாகக் கேள்வி. தந்துவிட்டால் இந்த ஏரிக்கு இன்னொருமுறை யாரும் வரமாட்டார்கள்.

ஆகவே, சான்று தருமுன் தாங்களே நேரில் வரும்படி மன்றாடுகிறேன். கருவி எதுவும் வேண்டாம், என் படகிலேயே அழைத்துப் போகிறேன். அவர்கள் ஏழடி என்று குறித்த இடத்தில் இறங்கி நிற்கிறேன். என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். தலை மூழ்கினால் இந்த மனுவைத் தள்ளுபடி செய்துவிடுங்கள்.

இடம்: வேப்பந்தாங்கல்
நாள்: 29.12.2025

இப்படிக்கு,
தங்கள் வருகைக்காகக் காத்திருக்கும்,
அ. சவுரிராயன்