உப்பு கேட்கும் பிள்ளை

சிங்கப்பெருமாள் கோயில்
7.7.2025, திங்கள்

அன்புள்ள பூவிழி அம்மாவுக்கு,

பிள்ளை நலம். ஆனால் ஒரு குறை. கம்பெனி வாசலிலேயே உங்கள் போனை வாங்கி வைத்துவிடுகிறார்களாமே, அதனால் பிள்ளையின் பள்ளி டைரியில் எழுதி வைக்கிறேன். பூவிழி பள்ளிச் சமையலறைக்குள் புகுந்து உப்பு ஜாடியில் கை விடுகிறாள். "டீச்சர், கொஞ்சூண்டு உப்பு குடு" என்று என்னிடமே கை நீட்டுகிறாள். நாலு வயதில் இது என்ன ருசி?

மதியம் கொடுக்கச் சொல்லி நீங்கள் அனுப்பும் மாத்திரை டப்பாவின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. என்ன மாத்திரை அது? கொடுக்கிற எனக்குத் தெரிய வேண்டாமா?

அன்புடன்,
பிரிசில்லா டீச்சர்

8.7.2025

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

வணக்கம். அது வெறும் வைட்டமின். ஆனால் ஒரு வேளையும் தவறக் கூடாது. உப்பு கேட்டால் கொடுத்துவிடுங்கள், டாக்டர் சொன்னதுதான்.

பள்ளி ஆயா செங்கம்மாள் என் மாமியாரிடம், "புள்ளைக்கு இன்னா சீக்கு? தெனம் மாத்திர துண்ணுது" என்று கேட்டாராம். என் பிள்ளையின் பையைத் துழாவுவது அவர் வேலையா? டப்பா உங்கள் மேசையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
சுஜாதா

9.7.2025

அன்புள்ள சுஜாதா,

வைட்டமினுக்கு எதற்கு இத்தனை மூடி மறைப்பு? மனது கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் உங்கள் தாளைச் சுரண்டி, மருந்துக்கடை விஷாலிடம் காட்டினேன். "இன்னா டீச்சர், இதையா வைட்டமின்னு சொன்னாங்க? ஸ்டீராய்டு இது" என்றார். பிள்ளையின் கன்னம் ஏன் புசுபுசுவென்று இருக்கிறது என்று இப்போது புரிகிறது. பிள்ளையைக் கொழுகொழுவென்று ஆக்க இதைக் கொடுக்கும்படி யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இன்று கொடுக்கவில்லை. நீங்கள் உண்மையை எழுதும் வரை கொடுக்கப்போவதும் இல்லை. கோபம் வந்தால் வரட்டும்.

பிரிசில்லா

19.7.2025

அன்புள்ள சுஜாதாவுக்கு,

ஆஸ்பத்திரியில் என் முகத்தைப் பார்க்காமலேயே போனீர்கள். எனக்கு அது தேவைதான்.

அந்தக் கடிதம் எழுதிய மறுநாள், வியாழக்கிழமை மதியமும் நான் மாத்திரை கொடுக்கவில்லை. சாப்பிடும்போதே பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. இரண்டு முறை வாந்தி. "டீச்சர், தூக்கம் வருது" என்று மடியில் சாய்ந்தவள், கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன், தகவல் சொல்கிறோம் என்றார்கள். காத்திருக்காமல் ஆட்டோ பிடித்துச் செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"என்ன மாத்திரை சாப்பிடறா?" என்றார் டாக்டர். சுரண்டிய டப்பாவை நீட்டி, "ஸ்டீராய்டு. ரெண்டு நாளா மத்தியானம் நான் குடுக்கல" என்றேன். உடனே ஊசி போட்டார்கள். உங்களை நம்பி வைட்டமின் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம்பி ஒழுங்காகக் கொடுத்துவந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு முற்றியிருக்காது என்பதும் தெரிகிறது. என்னை மன்னியுங்கள்.

பிரிசில்லா

20.7.2025, ஞாயிறு

டீச்சருக்கு,

உங்கள் 9ஆம் தேதிக் கடிதத்தை ஆஸ்பத்திரியில்தான் படித்தேன். அன்று எனக்கு ஓவர்டைம், டைரியைப் பிரிக்கவே இல்லை.

பூவிழிக்குப் பிறவியிலேயே அட்ரினல் சுரப்பி சரியாக வேலை செய்யாது. உடம்பில் உப்பு தங்காது. அந்தச் சுரப்பி தராததை ஈடுகட்டும் அந்த மாத்திரைதான் அவளுக்கு உயிர். காய்ச்சல் என்றால் அளவைக் கூட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் ஊசி போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நோய் வெளியே தெரிந்தால் நாளைக்கு இவளைப் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று, நாலு வயதுப் பிள்ளைக்காக இப்போதே பொய் சொன்னேன். அந்த இரண்டு வேளையை என்னால் மன்னிக்க முடியவில்லை, டீச்சர். என் பொய்யையும்தான்.

பிள்ளை தேறிவிட்டாள், நாளை புது டப்பாவோடு பள்ளிக்கு வருகிறாள். தாள் ஒட்டவில்லை. ஊசியும் டாக்டர் எழுதிய சீட்டும் கூடவே வருகின்றன. போடும் விதத்தைக் காட்டக் காலையில் நானே வருகிறேன். செங்கம்மாளும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.

பிள்ளை உப்பு கேட்டால் கொடுங்கள்.

சுஜாதா